சிவப்பு நூல் கட்டாத கோப்புகள்

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது ஒரு காட்சியைப் பார்த்தேன். தேடலில் ஒன்றுமே வரவில்லை என்று வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகார். உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், டீயைக் கீழே வைக்காமலேயே இண்டெக்ஸைக் கலைத்துத் திரும்பக் கட்டினார். மறுபடியும் பூஜ்யம். "அப்படின்னா டேட்டாவிலேயே இல்ல" என்று பதில் எழுதிப் புகாரை மூடிவிட்டு, டீயைக் குடித்து முடித்தார். டீ ஆறியிருக்கக்கூட இல்லை.

ஓய்வு பெற்றவன் வாயைத் திறந்தால் தொணதொணப்பு என்பீர்கள். ஆனால் கிளம்பும்போது நீங்களே, புதிதாக வந்தவர்களுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டீர்கள். பெருமைப்படுகிற கதைகளும் என்னிடம் உண்டு. அவற்றை என் பிரிவுபசார விழாவிலேயே தேவைக்கு மேல் சொல்லிவிட்டேன். இது அந்தக் கணக்கில் சேராதது. நான் பண்ணிய தப்பு. என் மனைவிக்கே பாதிதான் தெரியும்.

பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போக ஆரம்பிப்பதற்கு முன்னால், கோலார் தங்க வயலில் சுரங்க நிர்வாகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்று பேர், இரண்டு கம்ப்யூட்டர், மழை பெய்தால் எந்தப் பக்கம் நகர்த்துவது என்று நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்த ஒரு மேஜை. சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு பல வருஷமாக இருந்தது. புலி வருது கதை போல யாரும் நம்பாமல் இருந்தார்கள். நான் சொல்வது புலி நிஜமாகவே வந்த வருஷத்துக்கு முந்தைய மழைக்காலம்.

மூடுவதற்கு முன்னால் எல்லாத் தொழிலாளிகளின் ஆஸ்பத்திரிக் கோப்புகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஒருவருக்கு ஒரு வரி: பெயர், டோக்கன் நம்பர், எந்த ஷாஃப்ட், அதாவது எந்தச் சுரங்கக் குழி, கடைசியாக டாக்டர்கள் எழுதிய குறிப்புகள். இந்தக் குறிப்புகள்தான் தலைவலி. ஒருவருக்கு நாலு சொல், இன்னொருவருக்கு ஒன்றரைப் பக்கம். அதற்குள் தேட வேண்டும். அப்போதுதான் இலவசமாகக் கிடைத்த ஒரு டேட்டாபேஸ் மென்பொருளில் முழு உரைத் தேடல் என்று ஒன்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள். குறிப்புகள் மேல் ஒரு இண்டெக்ஸ், அதாவது எந்தச் சொல் எந்த வரியில் என்ற அட்டவணை, கட்டிவிட்டால், ஒரு சொல்லைத் தட்டினதும் அந்தச் சொல் உள்ள வரிகள் வந்து நிற்கும். உங்களுக்கு இது பல் துலக்குவது மாதிரி. அன்றைக்கு எங்களுக்கு அது வித்தை.

முதலில் மேல்தளத்து ஆட்களின் கோப்புகளை ஏற்றிச் சோதித்தேன். பட்டறைக்காரர்கள், தச்சர்கள், குமாஸ்தாக்கள், அதாவது பூமிக்கு அடியில் இறங்காதவர்கள். "ஃப்ராக்சர்" என்று தட்டினேன், கை கால் முறிந்தவர்கள் வந்தார்கள். "டஸ்ட்" என்று தட்டினேன், பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

டஸ்ட் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். கீழே பாறையைத் துளைக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலில் போய்ப் படிந்து கல்லாகிவிடும். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். அதற்கு டாக்டர்கள் நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் கோப்பிலும் "டஸ்ட்", வாயிலும் "டஸ்ட்டு". ஸ்கெலட்டன் லைன் என்கிற சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவன் நான். எந்த வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று இருமலை வைத்தே சொல்வோம்.

சோதனையைப் பார்த்துவிட்டு எங்கள் அதிகாரி என் தோளைத் தட்டினார். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர், ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருந்தது. "கிளார்க் ஒரு வாரம் தேடறதை ஒரு செகண்ட்ல கொடுக்கிறியே சேகர்" என்றார். எனக்குத் தலை கூரையை இடித்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான்கு பெண்கள் முறை வைத்து உட்கார்ந்து சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் கோப்புகளை, ஆயிரக்கணக்கில், தட்டி ஏற்றினார்கள். நான் மறுபடியும் சோதிக்கவில்லை. ஒரு தடவை வேலை செய்தது எப்போதும் செய்யும் என்று நினைத்தேன்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. டஸ்ட் உள்ளவர்களைப் பரிசோதிக்க ஒரு மருத்துவக் குழு வருகிறது, இரண்டே நாள். அவர்கள் பார்த்து ஒப்புக்கொள்கிறவர்களுக்கு ஒரு அட்டை கிடைக்கும். சுரங்கம் மூடிய பிறகும் அந்த அட்டையைக் காட்டினால் ஆஸ்பத்திரியில் மருந்தும் ஆக்சிஜனும் உண்டு. அட்டை இல்லாதவர் வெளியாள். பட்டியலை உடனே அனுப்புங்கள்.

அதிகாரி கடிதத்தோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். தபால் போக அரை மணி நேரம் இருந்தது. நான் "டஸ்ட்" என்று தட்டினேன்.

பூஜ்யம்.

மறுபடியும் தட்டினேன். பூஜ்யம். "ஃப்ராக்சர்" தட்டினேன், சரியாக வந்தது. "ஆஸ்துமா" தட்டினேன், வந்தது. ஆக, தேடல் வேலை செய்கிறது, டஸ்ட்தான் இல்லை.

"என்னப்பா?" என்றார் அதிகாரி.

"ஒண்ணும் வரல சார்."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்ல சார்."

அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. பட்டியல் இல்லையென்றால் குழு இல்லை, வரிசை இல்லை, வாசலில் கூட்டம் இல்லை. "நான் அப்பவே நினைச்சேன், இவங்க எல்லாத்தையும் பெருசு பண்ணுவாங்க" என்றார். "பிரிண்ட் எடு, கையெழுத்துப் போடு."

எடுத்தேன். போட்டேன்.

நன்றாகக் கவனியுங்கள். எனக்கு நுணுக்கம் தெரியாமல் போனது பெரிய குற்றமில்லை. அது யாருக்கும் நடக்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே திரையில் பன்னிரண்டு பேரைப் பார்த்தேனே, அந்தப் பன்னிரண்டு பேர் எங்கே போனார்கள்? இதை நான் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு ஊரே இருமுவதைக் கேட்டு வளர்ந்தவன், ஊரில் இருமல் இல்லை என்று ஒரு பெட்டி சொன்னதை நம்பினேன். அதிகாரிக்கு அந்தப் பூஜ்யம் சௌகரியமாக இருந்தது. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. என் தேடல் சரி என்று அது சொன்னது.

மறுநாள் காலை எங்கள் பிரிவின் ஜன்னலில் ஏழுமலை அண்ணன் வந்து நின்றார். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. கீழே டிம்பர்மேன் வேலை, பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் நாலு வருஷமாக மேலே லைட் டூட்டியில் போட்டிருந்தார்கள். என் அப்பா செத்தபோது பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவர்.

"இன்னா தம்பி, லிஸ்ட்டு போட்டீங்களாமே. நம்ம பேரு அதுல கீதா பாரு."

அவருக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் அதே கேள்வி. பெயரைத் தட்டி, பக்கத்துக் கட்டத்தில் "டஸ்ட்" என்று தட்டினேன். பூஜ்யம். பெயரை மட்டும் தட்டி அவருடைய குறிப்பைத் திறந்து படித்திருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதைதான். வரிசை நீளமாக இருந்தது, படிக்கவில்லை.

"உனக்கு டஸ்ட்டு இல்லணா" என்றேன்.

"மெய்யாலுமா?"

"கம்ப்யூட்டர்ல தேடிட்டேன். இல்ல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. என்னைக் கேலி பண்ணுகிறார் என்று நினைத்துக் குனிந்துகொண்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு கட்டுக் கோப்புகளைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூமுக்குப் போனேன். அங்கே தினக்கூலிக்கு ஒரு பெண் வேலை பார்த்தாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், வாய் நீளம். பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை; இங்கே புகழ் வந்து அவளுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. ஏணியில் நின்றுகொண்டு மேல் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

டஸ்ட் வந்தவர் கோப்புக்கு முதுகில் சிவப்பு நூல் கட்டுவார்கள் என்று சின்ன வயதிலிருந்தே கேள்விப்பட்டிருந்தேன். "அவன் கோப்புக்கு நூல் கட்டிட்டாங்க" என்றால் அவன் கதை முடிந்தது என்று ஊரில் அர்த்தம். அலமாரிகளைப் பார்த்தேன். பழுப்புக் கோப்புகள் தரையிலிருந்து கூரை வரைக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சிவப்பு தெரிந்தது. மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி.

"நூல் கட்டினது ரொம்பக் கம்மியாத்தான் இருக்கு" என்றேன். "நாங்க தேடினப்பவும் யாரும் வரல."

அவள் ஏணியிலிருந்தே திரும்பிப் பார்த்தாள். "இன்னா சார் பேசுறீங்க? நூலு கட்டினது டஸ்ட்டு இல்லாதவங்களுக்கு."

"இல்லாதவங்களுக்கா?"

"ஆமா. முன்ன இருக்கறவங்களுக்குத்தான் கட்டினாங்களாம். அப்பால எல்லாருக்குமே வந்துடுச்சி. மாசத்துக்கு ஒரு நூல்கண்டுதான் குடுப்பாங்க, எத்தினி பேருக்குக் கட்றது? அதான் நான் வர்றதுக்கு முன்னாடியே மாத்திட்டாங்க. இல்லாதவங்க கொஞ்சம் பேருதான, அவங்களுக்குக் கட்டினா நூலு மிச்சம்."

"இதை எங்கயாவது எழுதி வெச்சீங்களா?"

"எழுதறதுக்கு இன்னா கீது? இங்க வேலை செய்றவங்களுக்குத் தெரியும்ல."

என் கையிலிருந்த கட்டைப் பிரித்தேன். நூல் இல்லாத கோப்பு ஒன்றைத் திறந்தேன். டஸ்ட். அடுத்தது, டஸ்ட். அடுத்ததும் அதுவே. அலமாரியிலிருந்து கைக்கு வந்ததை உருவினேன். பத்தாவது கோப்பில் நிறுத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "இன்னா சார், தண்ணி எதுனா வேணுமா?" என்று கேட்டபடி அவள் இறங்கி வந்தாள்.

திரும்பி ஓடிவந்து நான் செய்த முதல் காரியம், டீ குடித்த உங்கள் ஆள் செய்ததேதான். இண்டெக்ஸ் கெட்டுவிட்டது என்று கலைத்துக் கட்டினேன். பூஜ்யம். ஏற்றும்போது சொல் விட்டுப்போயிருக்குமோ என்று ஏழுமலை அண்ணனின் வரியைத் திறந்தேன். இருந்தது. "டஸ்ட், லைட் டூட்டி மட்டும்." பத்து நாளாக அது அங்கேயே இருந்தது. தேடினால் இல்லை, திறந்தால் இருக்கிறது. அப்போதுதான், அந்தப் பெண் சொன்னது காதில் இருக்கும்போதே, மென்பொருளோடு வந்த கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு வாக்கியம்தான். ஒரு சொல் பாதி வரிகளுக்கு மேல் இருந்தால், அந்தச் சொல்லுக்குத் தேடலில் மதிப்பில்லை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடும்.

எழுதியவர்கள் மேல் தப்பில்லை. எல்லாத் தாளிலும் இருக்கிற சொல்லை வைத்து ஒரு தாளைக் கண்டுபிடிக்க முடியாது, நியாயமான யோசனைதான். மேல்தளத்து ஆட்கள் மட்டும் இருந்தபோது டஸ்ட் அபூர்வம், அதனால் பன்னிரண்டு பேரைக் கொடுத்தது. கீழே இறங்கியவர்கள் ஏற ஏற அந்தச் சொல் பாதியைத் தாண்டியது. அந்த நிமிடத்திலிருந்து எல்லோரும் மறைந்துவிட்டார்கள், அந்தப் பன்னிரண்டு பேரும் சேர்த்து. ரெக்கார்ட் ரூமில் நூல் மிச்சம் பிடித்ததும் இதே வேலைதான். ஆனால் அங்கே இருந்தவர்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருந்தது.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெகுநேரம் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"பாதிக்கு மேலயா?"

"ஆமா சார்."

"பாதிப் பேருக்கு மேல இருக்குன்னா அதை வியாதின்னு யார் ஒத்துப்பாங்க சேகர்? இந்த ஊர்ல இது சகஜம்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதே பதிலைப் பத்து நாளாக என் பெட்டி சொல்லிக்கொண்டிருந்தது, அதில் என் கையெழுத்தும் இருந்தது. அவரைத் திட்ட எனக்கு வாய் இல்லை. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டேன் சார். நானே எடுத்துக் காட்டிடறேன்" என்றேன்.

"உன் பேர்ல எழுது" என்றார். "தப்பு உன்னுதுன்னு எழுது. என் பேர் அதுல வரக் கூடாது." பிறகு, நான் கதவருகே போனதும், "வேலை போனா நான் ஒண்ணும் பண்ண முடியாதுப்பா" என்றார். குரல் மெதுவாக இருந்தது. கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர்.

இண்டெக்ஸை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு குறிப்பையும் முதலிலிருந்து கடைசி வரை படித்துப் பொருத்திப் பார்க்கச் சொன்னேன். அந்தக் காலத்து இயந்திரம், ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓடியது. பட்டியல் பிரிண்டரிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பாதியில் ரிப்பன் தேய்ந்து எழுத்து வெளிறிவிட்டது, அந்த வெளிறிய தாள்களையே கட்டினேன். மேலே ஒரு கடிதம்: முன்பு அனுப்பியது தவறு, தவறு என்னுடையது. கீழே கையெழுத்து. நானே பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். குழு வருவதாகப் பதில் வந்தது. ஆனால் நாள் அதே இரண்டு நாள்தான். நேரில் வருபவரைப் பார்ப்பார்கள், வராதவர் பெயரை அடித்துவிடுவார்கள்.

பட்டியலை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டினோம், ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவிலும் ஒட்டினோம். முதல் நாள் வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. நான் வரிசையை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழுமலை அண்ணன் இல்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கண்ணம்மா அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அவரு பெங்களூருல கீறாரு" என்றார். "என் தம்பி கிரானைட் பட்டறையில கல்லு பாலிஷ் போடற வேலை ஒண்ணு சொல்லிக்கினே இருந்தான். நெஞ்சுல தூளு கீது, வேணாம்னு இவரு போவாம இருந்தாரு. நீதான் டஸ்ட்டு இல்லன்னு சொல்லிட்டியே. மாத்திரையைத் தூக்கிக் கடாசிட்டுப் போயிட்டாரு. வாரம் ஒரு தபா வர்றாரு."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். "குந்துப்பா, இன்னாத்துக்கு இப்பிடி நிக்கிற?" என்றார் அண்ணி.

மறுநாள் எங்கள் ஊர் மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து புறப்படும் காலை ரயிலில் போனேன். பட்டறை கிருஷ்ணராஜபுரம் தாண்டி இருந்தது. போகிற வழி முழுக்க மணியைப் பார்த்துக்கொண்டே போனேன். குழு ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். தகரக் கொட்டகை, உள்ளே மெஷின் இரைச்சல், வெள்ளைப் புகை மாதிரி கல்தூள். புருவம் முதற்கொண்டு வெள்ளையாக ஒரு ஆள் குனிந்து நின்றிருந்தார். நிமிர்ந்து மூச்சு வாங்கியபோதுதான் அவர் யாரென்று தெரிந்தது. பதினைந்து நாளில் ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

"இன்னா தம்பி இவ்ளோ தூரம்?"

"நான் சொன்னது தப்புண்ணா. உனக்கு இருக்கு. டாக்டருங்க வந்திருக்காங்க, அஞ்சு மணிக்குள்ள போகணும், கிளம்பு."

அவர் முகம் மாறியது. கோபப்படுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்வேன் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் கோபப்படவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அன்னிக்கு தேடினது?" என்றார்.

"அது தப்பா வந்துச்சுண்ணா."

வழியில் ஒரு குழாயில் அவரைத் தலை கழுவச் சொன்னேன். கல்தூளோடு போய் நின்றால், வியாதி சுரங்கத்தில் வந்ததில்லை, பட்டறையில் வந்தது என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதோரத்தில் மிச்சமிருந்த வெள்ளையை என் கைக்குட்டையால் துடைத்தேன். அவர் குழந்தை மாதிரி காட்டிக்கொண்டிருந்தார். நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

"அன்னிக்கு நீ இல்லன்னு சொன்னப்ப எவ்ளோ சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? நேரா ஆண்டர்சன்பேட்டைக்குப் போயி அரைக் கிலோ கறி எடுத்தாந்தேன். இன்னா விசேசம்னு உங்க அண்ணி கேட்டா. எனக்கு ஒண்ணுமில்லியாம்டி, கம்ப்யூட்டரே சொல்லிடுச்சின்னேன்."

ஜன்னலில் அவர் சிரித்த சிரிப்பு கேலி இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம். கேட்டில் அந்த ரெக்கார்ட் ரூம் பெண் ஒரு கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். காலையில் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தேன். உள்ளே டாக்டர்கள் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்த அண்ணனின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அண்ணனின் விரல் நகத்தைக் கவனித்தார். நகத்தடியில் இன்னும் வெள்ளை இருந்தது.

"இப்ப எங்க வேலை செய்றீங்க?"

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. "கல்லுப் பட்டறைங்க" என்றார்.

டாக்டர் பேனாவை மூடினார். அந்தப் பெண் சட்டென்று முன்னால் வந்து கோப்பை அவர் முன் பிரித்துப் போட்டாள். "நாலு வருசத்துக்கு முன்னாடியே நம்ம ஆஸ்பத்திரி டாக்டர்தான் சார் எழுதிகீறாரு. தேதி போட்டு கீது பாருங்க." நான், அவரைப் பட்டறைக்கு அனுப்பியதே என் தப்பான பதில்தான் என்று சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு அட்டை கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வரிசையில் நின்றவர்களில் பலரை, அதிகாரி சொன்ன அதே "சகஜம்" என்ற வார்த்தையைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வேலை போகவில்லை. மூன்று மாதத்தில் எல்லோருக்குமே போயிற்று. பெங்களூரில் உங்கள் அலுவலகத்தில் சேர்ந்தேன். அங்கே நான் எந்தத் தேடலைக் கட்டினாலும், நிச்சயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஒரு சொல்லை, டேட்டா ஏற்றும் ஒவ்வொரு தடவையும் தேடிப் பார்ப்பேன். எல்லா வரியிலும் இருக்கிற சொல் ஒன்று, ஒரே ஒரு வரியில் இருக்கிற சொல் ஒன்று. இது என்ன சார் பூஜை என்று நீங்கள் கேலி பண்ணுவீர்கள். பண்ணுங்கள். ஆனால் பூஜ்யம் வந்தால் ஒரு வரியையாவது கையால் திறந்து படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

சுரங்கம் மூடுவதற்கு முன், அட்டை வந்ததும் நான்தான் அதை அண்ணன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாத்திரை டப்பா மறுபடியும் வந்திருந்தது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணம்மா அண்ணி அடுப்படிக்குப் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"தம்பி, இன்னொரு தபா தேடிப் பாரேன். அன்னிக்கு வந்தது சரியா இருந்து, இப்ப வந்ததுதான் தப்போ இன்னாவோ."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக, இண்டெக்ஸ் இல்லாமல், அவர் பெயரையும் அந்தச் சொல்லையும் தட்டித் தேடினேன். ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார், வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். என்ன வந்தது என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.